மல்லி மேய்ந்த இடம்

அன்று காலை மூன்றாவது முறையாக ஓர் ஆடு கொர்னேலியஸ் சாரை முட்டித் தள்ளியது.

“தாடையைத் தடவிக் குடுங்க சார், சும்மா நிக்கும்” என்றாள் உர்சுலா. அவளுக்குப் பத்து வயது. அவள் தடவியதும் இராஜம்மா அக்காவின் கிடா அசையாமல் நின்றது. சார் அதன் கழுத்திலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்தார்.

அது 1932ஆம் ஆண்டு. கொர்னேலியஸ் சார் கோலாலம்பூரில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். உர்சுலா குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மாட்டுவண்டி ஓட்டும் பக்கிரிசாமி, கடும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். சேற்றில் இருக்கும் ஒரு கிருமி அவர் கால் புண் வழியாக உள்ளே போய்விட்டதாம்.

“எந்த இடத்துச் சேறுன்னு கண்டுபிடிக்கணும்மா. ஆடும் அதே மண்ணிலதானே நடக்குது? அதோட இரத்தத்தைப் பார்த்தா தெரியும்” என்றார் சார். “உங்க வீட்டு ஆடு எங்கே?”

“வெளியே போயிருக்கு சார்.”

மல்லி எங்கும் போகவில்லை. விறகுக் கொட்டகைக்குள் பலா இலை தின்றுகொண்டிருந்தது. கிருமி இருக்கும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று உர்சுலா கேள்விப்பட்டிருந்தாள்.

அது உண்மைதான். ஒரு வாரம் கழித்து மூன்று ஆடுகளை லோரியில் ஏற்றினார்கள். அதில் ஒன்று இராஜம்மா அக்காவின் கிடா. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

லோரி போனதும், கொர்னேலியஸ் சார் உர்சுலா வீட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை விரித்தார். அதில் எல்லா வீடுகளையும் வரைந்திருந்தார். மூன்று வீடுகளில் சிவப்புப் புள்ளி.

“மூணும் மூணு மூலையில இருக்கு. ஒண்ணுமே புரியலை.”

உர்சுலா எட்டிப் பார்த்தாள். “சார், ஆடு வீட்டுக்குள்ளயா மேயுது?”

சார் நிமிர்ந்தார். “பின்னே எங்கே?”

உர்சுலா வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். அந்த மூன்று ஆடுகளும் சேறும் தண்ணீருமாகக் கிடக்கும் பழைய செங்கல் சூளைப் பள்ளத்தில்தான் மேயும். மல்லியையும் அவள் தினமும் அங்கேதான் கூட்டிப் போவாள். சொன்னால் மல்லியையும் சோதிப்பார்கள். லோரி மறுபடியும் வரும்.

அப்போது அவள் தம்பி டொமினிக் கையில் ஒரு தகர டப்பாவோடு ஓடி வந்தான். “அக்கா, நான் பள்ளத்துக்கு மீன் பிடிக்கப் போறேன்!”

அவன் காலில் செருப்பு இல்லை. முழங்காலில் ஆறாத சிராய்ப்பு இருந்தது.

“போகாதே!” என்று உர்சுலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு சார் பக்கம் திரும்பினாள். “செங்கல் சூளைப் பள்ளம் சார். அந்த மூணும் அங்கதான் மேயும். பக்கிரிசாமி அண்ணனும் அங்கதான் மாடு குளிப்பாட்டுவாரு. எங்க மல்லியும் அங்கதான் போகும். அது கொட்டகையில இருக்கு.”

வாசலில் நின்ற அப்பா அம்புரோஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். “ரயில் பாதை ஓரமா மேயுதுன்னு சொன்னியேம்மா?”

“பொய் சொன்னேன் அப்பா. பள்ளத்துல புல்லு பச்சையா இருந்துச்சு.”

அப்பா டொமினிக்கைத் தூக்கிப் படியில் உட்கார வைத்து, அவன் முழங்காலைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு உர்சுலாவின் தலையில் ஈரக் கையை வைத்தார். “நீயே போய் மல்லியைக் கூட்டிட்டு வா. நானும் பிடிச்சுக்கிறேன்.”

சார் மல்லியின் இரத்தத்தை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஐந்து நாள் உர்சுலாவுக்குச் சோறே இறங்கவில்லை. லோரிச் சத்தம் கேட்டால் கொட்டகை வாசலில் போய் நின்றுகொள்வாள்.

ஆறாம் நாள் கொர்னேலியஸ் சார் நடந்தே வந்தார்.

“பள்ளத்து மண்ணுல கிருமி இருக்கு. இன்னிக்கே வேலி போடுறாங்க” என்றார். “பக்கிரிசாமி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாராம்.”

உர்சுலா கொட்டகைப் பக்கம் பார்த்தாள். “மல்லி?”

“உங்க ஆடு சேத்துல இறங்குமா?”

“இறங்காது சார். கால் நனைஞ்சா அதுக்குப் பிடிக்காது. மேட்டுலயே நின்னு மேயும்.”

“அதான் தப்பிச்சிருக்கு. இரத்தம் சுத்தமா இருக்கு” என்று சார் ஒரு சீட்டை நீட்டினார்.

உர்சுலா அதை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். மல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சீட்டில் இருந்ததை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினாள். மல்லி கடைசிவரை பொறுமையாகக் கேட்டது. பிறகு அந்தச் சீட்டைத் தின்றுவிட்டது.