ஏழாம் வார்டின் தனியறை

ஈப்போ நகருக்கு வெளியே இருந்த அந்தப் பழைய மனநல மருத்துவமனையில், ஏழாம் வார்டை மட்டும் அருங்காட்சியகமாக்கி வைத்திருந்தார்கள். தன் ஊரான சுங்காயிலிருந்து தம்பி தீபனைக் காரில் அழைத்து வந்த புனிதா, "உள்ள பாத்துக்கிட்டு இரு, டாக்டர்கிட்ட பேசிட்டு வாரேன்" என்று அவனை அங்கே விட்டுவிட்டுப் போனாள்.

டாக்டரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தம்பியை இங்கேயே வைத்துக்கொள்வார்களா? அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே அவள்தான். ராத்திரியெல்லாம் கண்விழித்துக் காவல் காத்ததில் வேலையும் போய்விட்டது. இனி அவளால் முடியாது. டாக்டர் சரி என்றார்.

திரும்பி வந்தபோது மழை அடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. வார்டுக்குள் பினாயிலும் ஊறிய சுண்ணாம்பும் கலந்த வாடை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் தோல் வார்கள். கைகளை முதுகோடு சேர்த்துக் கட்டும் கித்தான் சட்டை.

தீபனைக் காணோம்.

கோடியில், தனியறைக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. யாரிடமோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தான்.

காவலாளி சதாசிவம் சாவியோடு ஓடி வந்தார். "காலையிலருந்து பூட்டித்தான் கிடக்கு. எப்படிலா உள்ள போனாரு?"

பூட்டு திறந்தது. கதவு அசையவில்லை.

"உள்ள தாழ்ப்பாளே கிடையாதும்மா." அவர் குரல் இறங்கியது. "யாரோ பிடிச்சுக்கிட்டு இருக்காங்க."

புனிதா கதவிலிருந்த சிறு துவாரத்தில் கண்ணை வைத்தாள். இருட்டு.

அந்த இருட்டு நகர்ந்தது.

"தீபா, வெளிய வா."

"இந்த அக்காவ எஸ்டேட்லருந்து கொண்டாந்து விட்டாங்களாம். அடுத்த வாரம் வாரோம்னு சொன்னவங்க வரவே இல்லையாம்." பிறகு கேட்டான். "நீயும் என்ன விட்டுட்டுத்தானே போகப் போற?"

அவள் கதவைத் தோளால் தள்ளினாள்.

உள்ளே வார் இறுகும் சத்தம். தீபனின் மூச்சு திணறியது.

கைத்தோல் பிய்ந்துபோகும் மட்டும் புனிதா கதவை அடித்தாள். "விட்டுட்டுப் போக மாட்டேன்டா. அம்மா மேல சத்தியம். வா, வீட்டுக்குப் போலாம்."

"சரி."

அதைச் சொன்னது இரண்டு குரல்கள்.

கதவு தானாகத் திறந்தது. தீபன் மட்டும் நடந்து வந்தான். அவன் மணிக்கட்டு இரண்டிலும் சிவந்த தடம்.

சுங்காய் வரைக்கும் புனிதா கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்கவே இல்லை. ரேடியோவும் போடவில்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த தம்பியின் கையை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள். எது வந்தாலும் இந்தக் கையை விடுவதில்லை என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது.

வீட்டு வாசலில் தீபன் இறங்கி, கார் பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சாத்தினான்.

"திரும்பிப் போகச் சொல்லுடா," புனிதா கெஞ்சினாள். "உன்னக் கும்பிடுறேன்."

"எங்க போவாங்க?" என்றான். பிறகு, யாருக்கோ காது கொடுப்பதுபோல் தலையைச் சாய்த்தான். "அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. யாரும் பூட்டி வைக்க முடியாத, தாழ்ப்பாள் இல்லாத ரூம் இருக்கான்னு."

அவள் வாசற்பூட்டில் இன்னும் சாவியை நுழைக்கவில்லை.

உள்ளே, தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழத் தொடங்கின.