முதல் கட்டத்தில் சிவப்பு வட்டம்

"திருடின்னு சொல்லி என்னை அனுப்பிட்டாங்க சார். இந்தப் பேரோட வேற எங்க போய் வேலை கேப்பேன்?" என்றாள் துப்பறிவாளரிடம், மொழிப் பயிற்சி நிலையத்தின் வரவேற்புப் பெண்.

ஸ்பானிஷ் வகுப்பின் லேப்டாப்பைக் காணவில்லை. வாத்தியார் உளறுகிறார் என்று மாணவர்கள் புகார் செய்ய, வகுப்பு ஒலிப்பதிவுகளை ஸ்பானிஷ் தெரிந்த வெளியாளிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லலாம் என்றிருந்தாள் முதலாளியம்மா. பதிவுகள் எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்த நிலையத்திலிருந்து இந்தப் பெண் பையோடு வெளியே வந்ததைப் பார்த்ததாக வாத்தியார் சாட்சி சொன்னார். வாத்தியார் முதலாளியம்மாவின் மாப்பிள்ளை. அப்புறம் விசாரணை எதற்கு?

துப்பறிவாளர் அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினார். கூடவே அவர் மச்சான். கூப்பிடாமலே ஒட்டிக்கொள்கிற ரகம்.

வகுப்பறையில் ஸ்பெயினிலிருந்து வந்த நாள்காட்டி தொங்கியது. தலைப்பில் நாளுக்கு ஓர் எழுத்து. ஒரு வரிசையின் முதல் கட்டத்தில் சிவப்பு வட்டம்.

"பாத்த அன்னிக்கே வட்டம் போட்டு வெச்சுட்டேன்," என்றார் வாத்தியார், காலரை இழுத்துவிட்டபடி. "ஸ்பெயின்ல ஏழு வருஷம் இருந்தவன் நான்."

"அத்தான், சாட்சி பக்கா!" என்று குதித்தான் மச்சான்.

"சும்மா இரு. சார், வட்டம் போட்டது என்ன கிழமை?"

"ஞாயிறு. எத்தனை தடவை சொல்றது?"

"மூணாவதா எக்ஸ் போட்டிருக்கே?"

வாத்தியார் இளக்காரமாகச் சிரித்தார். "அது லீவு நாள்."

துப்பறிவாளர் முதலாளியம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஸ்பெயின்ல வாரம் திங்கள்லதாம்மா ஆரம்பிக்கும். ஞாயிறு கடைசிக் கட்டம். முதல் கட்டம்னா ஞாயிறுன்னு பழகின கண்ணு திங்களுக்கு வட்டம் போட்டிருக்கு. அது வேலை நாள்; இந்தப் பொண்ணு நாள் பூரா உங்க எதிர்லதான் உக்காந்திருந்தா. தலைப்புல எக்ஸ்னா அங்க புதன்கிழமைக்கு உண்டான எழுத்து. கிழமைகூடத் தெரியாத மனுஷன் ஏழு வருஷமா அங்க என்னத்தைக் கிழிச்சார்? பதிவைக் கேட்டா குட்டு உடைஞ்சிடும். அதான் லேப்டாப்பைத் தூக்கிட்டுப் பழியை இவ தலையில கட்டிட்டார்."

அதற்குள் மச்சான் வாத்தியாரின் மேஜை டிராயரை இழுத்திருந்தான். லேப்டாப் அங்கேயே இருந்தது. திருடியதை ஒளித்து வைக்கக்கூட வக்கில்லை, இதில் ஊருக்குப் பாடம் வேறு!

"விஷயம் வீட்டோட இருக்கட்டும்," என்று முணுமுணுத்தாள் முதலாளியம்மா. "நீ நாளையிலேர்ந்து வேலைக்கு வாம்மா."

அந்தப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "திருடின்னு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க?" என்று கதவை விரியத் திறந்தாள். வெளியே மாணவர்கள் நின்றிருந்தார்கள். "இப்ப சொல்லுங்க."

முதலாளியம்மா மாப்பிள்ளையை ஒரு முறை முறைத்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள்.