இல்லாத கிரீடம்

கிரீடம் தெரியவில்லை.

நிபுணர் அந்தத் தபால்தலையை இடுக்கியால் எடுத்து, மறுபடியும் கறுப்புத் தட்டில் முகம் கீழாகக் கவிழ்த்து, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அதன் முதுகில் விட்டார். அசலாக இருந்தால், தாள் நனைந்ததும் அதற்குள் பதிந்திருக்கும் கிரீட நீர்க்குறி நிழல்போல எழும்பி வரும். காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும். சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் சாத்தியிருந்தார். அந்தப் புழுக்கத்தில் எங்கோ ஒரு தையல் இயந்திரம் மிதிபடும் கடகடச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. இதே தபால்தலையில் எத்தனையோ தடவை கிரீடத்தைக் கண்ணாரக் கண்டவர் அவர். இன்று வெறும் தாள்தான் இருந்தது.

அதைக் கொண்டுவந்தவர் ஒரு தையல்காரர். அன்றைக்குக் கிரீடம் பளிச்சென்று எழும்பியது. பார்த்ததுமே நிபுணருக்கு ஆசை வந்துவிட்டது. "இல்ல. இது போலி," என்றார் கூசாமல்.

"நல்லா பாருங்க சார், இருக்கும்."

"பார்த்துட்டேன். இல்ல. போலியை வெளிய விடக்கூடாது. இங்கயே இருக்கட்டும்."

போலியை விற்கப் பார்த்த ஆள் என்று ஊர் முழுக்கப் பேச்சானது. பரப்பியதும் இவர்தான். அப்புறம் தையல்காரரிடம் துணி கொடுக்கக்கூட ஆள் வரவில்லை. ஒருநாள் கடைக்குள்ளேயே தூக்கில் தொங்கினார். நிபுணர் நேரில் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தார். அந்த நெஞ்சழுத்தம் எல்லோருக்கும் வராது.

இப்போது ஆல்பத்திலிருந்து இன்னொன்றை உருவிக் கவிழ்த்தார். அதிலும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. சட்டைப்பையிலிருந்த பணநோட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். நீர்க்குறி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகவே இருந்தது.

நோட்டைப் பிடித்திருந்த விரல்களின் ஊடாகவும் வெளிச்சம் வந்தது. எலும்பு இல்லை. நரம்பு இல்லை.

தையல் சத்தம் நின்றது. யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள்.

"சார் இருக்காராம்மா?"

அந்தக் குரல். அதே குரல்.

"திறக்காதே! அவன் செத்துட்டான்!" என்று நிபுணர் கத்தினார். மனைவி காதில் அது விழவே இல்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இல்லீங்களே."

"நல்லா பாருங்கம்மா, இருப்பாரு."

உள்ளே வந்தாள். மேஜையருகே குனிந்தாள். அவள் மூச்சு அவர் முகத்தில் பட்டது. கண்ணுக்கு நேரே பார்த்தாள்.

"பார்த்துட்டேன். இல்ல."

விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கும்மிருட்டு. ஏதோ ஒன்று அவரை மேஜைமேல் முகம் கீழாகக் கவிழ்த்தது. எழ முடியவில்லை. காலடிச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. பெட்ரோல் வாடை.

பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று.