பாவாத்தாள் தைத்த மெத்தை

மெத்தை சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன இடத்தில் இருக்குமே, அந்த அளவுக்கு. பங்காரு எழுந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் படுத்திருந்ததும் ஜன்னல் பக்கம். சூடு சுவரோரம் இருந்தது.

போத்தனூரில் மகள் சைத்ராவின் வீட்டு மாடி அறை. மத்தியானம் மூன்று மணி. சைத்ராவும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். கரண்ட் போய், ஃபேன் தன் கடைசிச் சுற்றை முனகி முடித்திருந்தது. ஜங்ஷனில் ரயில் பெட்டிகளைக் கோக்கும் இரும்புச் சத்தமும், பக்கத்து வீட்டில் தாளித்த கடுகு வாசனையும், எல்லாவற்றுக்கும் அடியில் ஈரப் பஞ்சும் கரியும் கலந்த அந்த வாடையும் அறைக்குள் அசையாமல் நின்றன.

இருபத்திரண்டு நாளாயிற்று. பல்லடத்தில் அவர் மேஸ்திரியாக இருந்த கழிவுப் பஞ்சு குடோனைத் தின்று முடித்த தீ, பசி தீராமல் அதை ஒட்டியிருந்த அவருடைய ஓட்டு வீட்டுக்கும் வந்தது. பாவாத்தாள் அவரோடு தெரு வரைக்கும் ஓடி வந்தவள்தான். திடீரென்று நின்றாள். "மெத்தைய உட்டுப்போட்டேனுங்க. நீங்க போங்க, இழுத்துட்டு வாரேன்."

போங்க என்றாள், போனார். முப்பத்தோரு வருஷத்தில் மனைவி சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒருதடவைதான்.

வெள்ளகோவிலில் அவள் அப்பன் தோட்டத்து இலவமரத்துக் காய்களை மூன்று கோடை பொறுக்கி, கொட்டை நீக்கி, அவளே தைத்த மெத்தை அது. ஓடு சரிந்து, பீரோ கோணி, பித்தளைப் பாத்திரம்கூட உருகி ஓடிய வீட்டில், அது மட்டும் ஒரு மூலை கருகியதோடு கிடைத்தது. அதன் பக்கத்திலேயே அவளும்.

காரியம் முடிந்த மறுநாள் கழிவுப் பஞ்சு வியாபாரிகள் சங்கத் தலைவர் ஆறு பேரோடும் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரோடும் துக்கம் விசாரிக்க வந்தார். பேனரில் தலைவர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூலையில் பாவாத்தாள் பாஸ்போர்ட் அளவில் இருந்தாள். "தீயை வென்ற தீரர்" என்று பங்காருவைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, பாதியில் ஜிஎஸ்டிக்குப் போய்விட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தது. கடைசியில் ஒரு ஃபோம் மெத்தையை வழங்கினார். ஃபோட்டோவில் அவர் கண் மூடிவிட்டதாகச் சொன்னதால் இன்னொரு தடவையும் வழங்கினார். படி இறங்கும்போது, மைக் இல்லாத குரலில் அவர் கேட்டது ஒன்றுதான் உருப்படி.

"ஏனுங்க மேஸ்திரி, அந்தப் பழசப் பிரிச்சுப் பாத்தீங்களா? பஞ்சுத் தீயப் பத்தி உங்களுக்கு நான் சொல்லோணுமா?"

"பிரிக்கலீங்க. அவ போட்ட தையலுங்க."

சொல்ல வேண்டியதில்லை. பஞ்சில் தீ அணையாது. உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தொட்டால் ஈரமாக இருக்கும் பேல் கட்டு, பத்து நாள் கழித்து ஒரு காற்றுக்குப் புகைய ஆரம்பிக்கும். அதனால் தப்பிய பேலை அவிழ்த்து, நனைத்து, வெட்டவெளியில் பரப்பிவிடுவார்கள். அவிழ்க்க முடியாததென்றால் நீளக் கம்பியைச் சொருகி, கொஞ்சம் பொறுத்து உருவி, தொட்டுப் பார்ப்பார்கள். முப்பது வருஷம் கம்பி சொருகிய கை அவருடையது. வேறு எவனாவது இப்படி ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தால் குடோன் முழுக்கக் கேட்கிற மாதிரித் திட்டியிருப்பார்.

காலையில் சைத்ரா செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லியிருந்தாள். "சாயந்தரம் பழசு எடுக்கற ஆளு வருதுங்கப்பா. மெத்தையக் குடுத்துப்போடுங்க."

"அதுல படுத்தாத்தான் கண்ணு தூக்கம் வருது."

"தூங்குற மூஞ்சியாப்பா இது? கண்ணாடியில பாருங்க. உள்ள தீ இல்லைன்னு காட்டுங்க, நானே உறை தெச்சுப் போடறேன். இல்லாட்டி இன்னிக்கே போயிரோணும்."

சாயந்தரத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம். பங்காரு பழைய குடையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கினார். மண்டியிடும்போது இரண்டு முட்டியும் முறைவைத்துச் சத்தம் போட்டன. தையல் அறுந்துவிடாதபடி, சூடாக இருந்த இடத்தில், துணியின் இழைகளை விலக்கிக் கம்பியைச் சொருகினார்.

துணி சிலிர்த்தது. மாட்டின் தோலில் ஈ உட்கார்ந்தால் சிலிர்க்குமே, அப்படி.

கை நடுக்கம், என்று சொல்லிக்கொண்டார். நூறு எண்ணினார். உருவினார். விரலால் தொட்டார்.

சில்லென்று இருந்தது. கிணற்றில் விட்டு எடுத்த கம்பி மாதிரி.

தீ இல்லை. கண்ணில் நீர் முட்டச் சிரித்தார். இனி யாரும் இதை எடுத்துக்கொண்டு போக முடியாது. சைத்ராவுக்குப் போன் செய்யலாம் என்று எழப் போனவர், மெத்தையில் கையை ஊன்றினார்.

மேலே சூடு. உள்ளே தீ இல்லை.

அப்படியானால்.

ஊன்றிய கை பள்ளத்தில் இருந்தது. இதுவரை அதை அவர் பள்ளமாகப் பார்க்கவில்லை. தோள் அழுந்திய குழி. இடுப்பு. மடக்கிய முழங்கால். சுவரைப் பார்த்தபடி. கோபித்துக்கொண்டால் அவள் அப்படித்தான் படுப்பாள்.

கையை எடுத்தார். எழுந்தார். பின்னால் நகர்ந்தார். முதுகில் கதவு இடித்தது.

ஜங்ஷன் சத்தம் இல்லை. கடுகு வாசனை இல்லை. கரி வாடை மட்டும்.

மெத்தைக்குள் பஞ்சு நகரும் சத்தம். மிக மெதுவாக. பள்ளம் சுவரை விட்டுத் திரும்பியது. முழங்கால் இந்தப் பக்கம் வந்தது. முகம் இருக்க வேண்டிய குழி, இந்தப் பக்கம்.

"பாவா," என்றார்.

அவளுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், துணி அமுங்கியது. முதலில் தலை. பிறகு பேல் சுமந்து சரிந்த அவருடைய வலது தோள். முதுகு. குதிகால் இரண்டும். யாரும் படுக்கவில்லை. பங்காரு நின்றுகொண்டிருந்தார். இரண்டு காலும் தரையில்தான் இருந்தன, குனிந்து பார்த்துக்கொண்டார்.

புதுப் பள்ளம் மூச்சு விட்டது. துணி ஏறியது. இறங்கியது. ஏறியது.

அவர் தன் மூச்சை அடக்கினார்.

ஏறிய துணி, ஏறிய இடத்திலேயே நின்றது.