பழையபடி

“இன்னாக்கா, சோறு ஆறிப்பூடுது” என்றாள் கனகலட்சுமி.

சுகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை சங்கரன்கோவில் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். ‘என்னக்கா’ என்று இழுத்து இழுத்துப் பேசி கம்பெனி லைனில் அத்தனை பேரிடமும் கேலி வாங்கியவள். அவள் வாயில் இன்னாவா! “ஏட்டி, வந்து ஒரு தீபாவளி போகல, அதுக்குள்ள இந்த ஊர்க்காரி ஆயிட்டியே” என்று தங்கையின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். கனகா சிரிக்கவில்லை. தான் என்ன சொன்னோம் என்றே புரியாதவள் போல அக்காவைப் பார்த்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இடது கையால் இழுத்தாள். சோற்றைப் பிசைந்ததும் இடது கையால்தான்.

சுங்குவார்சத்திரத்தில் டீக்கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை அது. கீழே பஸ் நிற்கிற சத்தமும் கன்டெய்னர் லாரிகள் கியர் மாற்றுகிற முனகலும் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பஜ்ஜி எண்ணெய் வாடை சுவரில் ஊறிப்போயிருக்கும். அதெல்லாம் பழகிய வாடை. அன்றைக்கு அதற்குள் இன்னொன்று இருந்தது. சூடேறிய இரும்பும் மசகெண்ணெயும் கலந்த, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வாடை. கம்பெனியில் இரும்புத் தகட்டை அமுக்கி வெட்டுகிற பிரஸ் ஷாப் பக்கம் போனால் அடிக்குமே, அது. கனகாவுக்கு வேலை பேக்கிங்கில். அட்டைப்பெட்டியும் டேப்பும்தான் அவள் மேல் மணக்க வேண்டும்.

“வலது கைக்கு என்னாச்சு?”

“மரத்துப்போச்சுக்கா. தூங்குறப்போ அமுக்கிக்கினேன் போல.”

அந்த மணிக்கட்டில் அம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிறு இருந்தது. கனகாவை அனுப்பிவைக்க அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. பஸ் ஏற்றுகிற அன்றைக்கு, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அந்தக் கயிற்றைக் கட்டி, பல்லால் முடிச்சை இறுக்கிவிட்டு, மூத்தவளிடம் சொன்னாள்: “பிரியா, எப்படி அனுப்புதேனோ அப்படியே என் பிள்ளைய எனக்குக் கொண்டாந்து விட்டுறணும்.” சுகப்பிரியா பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டியிருந்தாள்.

*

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் அதே கம்பெனியில்தான் சுகப்பிரியா சிஸ்டம் ஆள். கேட்டில் கார்டைத் தேய்த்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லும் வருகைப் பதிவு முதல் சம்பளம் வரை எல்லாம் ஒரே டேட்டாபேஸில். அது ஓடுகிற சர்வர் ஒருதரம் படுத்தபோது அதை எழுப்பி உட்காரவைக்கத் தலையால் தண்ணி குடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் விடாப்பிடியாக நின்றார். “ஒரு பேக்கப் சர்வர் வேணும்மா. அதை ஒவ்வொரு தடவையும் கையால கட்டிண்டு உக்காரப்படாது. தானா ரெடி ஆகணும். எது கலைஞ்சாலும் பழையபடி ஆயிடணும். நீ லீவுல இருந்தாலும் சரி, யார் கை வெச்சாலும் சரி.”

அதற்கென்றே இணையத்தில் இலவசமாக ஒரு டூல் கிடைத்தது. கெட்டிக்காரச் சாமான். என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தால் போதும். அரை மணிக்கு ஒருதரம் வந்து பார்க்கும். ஏதாவது மாறியிருந்தால் எழுதியபடி ஆக்கிவிட்டுப் போகும். வெற்று மிஷினைக் கொடுத்தால் டேட்டாபேஸை ஏற்றி, பேக்கப் டேப்பில் எடுத்துவைத்த நகலைக் கொட்டி, வேலைக்கு நிறுத்திவிடும்.

மெயின் சர்வரைக் கம்பெனியில் எல்லோரும் ‘பழசு’ என்பார்கள். இவள் கட்டிய பேக்கப் சர்வர் ‘புதுசு’. பேச்சில் இருந்த பெயர்களையே மிஷின்களுக்கும் வைத்தாள். கடைசியில் ஒரு வரி: இரண்டும் ஒன்றுபோல் இருக்கட்டும்; மாறினால் பழசைப் போல் ஆகட்டும். அந்த வரியையே யாராவது அழித்தால் அதையும் பழையபடி எழுதிவிடட்டும் என்று ஒரு காவலும் போட்டாள். ஓடவிட்டாள். ஓடியது. ஸ்ரீநிவாசராகவன் சந்தோஷப்பட்டு எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பாதுஷாவைப் பாதி கடித்து அக்காவுக்கு மீதி வைத்தவள்தான் கனகா. பழைய கனகா.

*

தங்கை ‘இன்னாக்கா’ என்றதற்கு மறுநாள் மத்தியானம் மெஸ்ஸில் சூப்பர்வைசர் எல்லப்பன் வந்து நின்றார். உள்ளூர்க்காரர், எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

“இன்னா மேடம், நேத்து கேட் ஸ்கிரீன்ல உங்க தங்கச்சி கார்டு தேச்சா லீலான்னு பேர் வந்துச்சு? பாத்ததும் எனக்கு கையே ஓடல.”

“யாரு லீலா?”

“பிள்ளைப்பாக்கத்துப் பொண்ணு மேடம். கம்பெனிக்கு நெலம் குடுத்த வூடு. பிரஸ்ல வலது கை மாட்டி...” அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். “அதே நிமிஷம் கரண்ட் டிரிப் ஆகி சர்வர் கூட படுத்துச்சே, அன்னிக்கு. கை பூட்ச்சு. ஆஸ்பத்திரி போற வழியிலயே உசுரும் பூட்ச்சு. அது நம்பரு காலியாத்தானே கீதுன்னு ஆபீஸ்ல உங்க தங்கச்சிக்குப் போட்டாங்க. புது கார்டு அடிக்க லேட்டாவும்னு.”

சுகப்பிரியா வாயில் இருந்த சோற்றை விழுங்க மறந்தாள். “அந்தப் பொண்ணு... எப்படிப் பேசும்?”

“எப்டி பேசும்? எங்கள மாறிதான். எதுக்கெடுத்தாலும் இன்னா, இன்னா.”

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

*

சர்வர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் பகலும் இல்லை, இரவும் இல்லை. ஏசி விடுகிற குளிர் மூச்சும், காத்தாடிகளின் ஒரே சீரான இரைச்சலும், இருட்டில் கண்சிமிட்டுகிற பச்சைப் பொட்டுகளும், ஷூவுக்கு அடியில் டொம்மென்று ஒலிக்கிற பலகைத் தரையும்தான். கதவைத் திறந்ததும் மசகெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. இங்கே எப்படி? இங்கே ஒரு சொட்டு எண்ணெய்க்கு வேலையில்லையே!

உட்கார்ந்து பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். பழசு என்று அவள் எழுதியது மெயின் சர்வரை. டூலோ தேதியைப் பார்த்தது. எந்தப் பதிவு பழையதோ அதுதான் அதற்குப் பழசு. புதுசில் முதலில் கொட்டிய டேப் எந்த நாளுடையது? சர்வர் படுத்த நாள். லீலா உள்ளே வந்து, இன்னும் வெளியே போகாத நாள். அதற்குப் பிறகு சேர்ந்த மற்றவர்களுக்கெல்லாம் புது நம்பர். டூல் அவர்களைத் தொடவில்லை. பழைய நம்பரில் புது ஆள் ஒருத்திதான். அது மாறியிருக்கிறது. ஆகவே, பழையபடி.

சனியனே, இது வெறும் பெயர்தானே? எழுத்துதானே? எழுத்து மாறினால் ஆள் எப்படி மாறுவாள்? பயத்தில் கண்டதையும் நினைக்காதே பிரியா. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ‘பழசைப் போல் ஆகட்டும்’ என்ற வரியை அழித்தாள். லீலாவை எடுத்துவிட்டு கனகலட்சுமி என்று அடித்தாள். சேமித்தாள். அறைக்கு போன் போட்டாள். கனகாவுக்கு அன்று லீவு.

“கனகா?”

“என்னக்கா? ஏன் மூச்சு வாங்குது உனக்கு? சோறு வடிச்சிட்டேன், சீக்கிரமா வந்துரு.”

என்னக்கா! சுகப்பிரியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “கை எப்படிட்டி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. காலையில என்னமோ மரத்துக்கிடந்துச்சு. இங்கன டீக்கடைக்காரரு இன்னைக்கு...”

டிஸ்க் கடகடவென்று ஓடியது. பச்சைப் பொட்டுகள் எல்லாம் ஒன்றாகத் துடித்தன. அரை மணி.

போனில் பேச்சு நின்றது. ஒரு மூச்சு கேட்டது. பின்னால், தூரத்தில், டங்கென்று பிரஸ் இறங்குகிற சத்தம் மாதிரி ஒன்று. வாடகை அறையில் ஏது பிரஸ்?

“ஹலோ? யாரு பேசறது?” என்றது குரல். கனகாவின் குரல்தான். பேச்சுதான் அவளுடையதில்லை.

சுகப்பிரியா திரையைப் பார்த்தாள். அழித்த வரி திரும்ப வந்திருந்தது. அவள் போட்ட காவல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளே போட்டது. மறுபடி அழித்தாள். காவலை அழித்தாள். பழசில் அழித்தாள், புதுசுக்கு ஓடினாள், அங்கே அழிப்பதற்குள் பழசில் முளைத்தது. ஸ்ரீநிவாசராகவனுக்குக் கூப்பிட்டாள். “நிறுத்தறதாவது! ஆடிட் வரதேம்மா. நன்னாத்தானே ஓடிண்டிருக்கு?” என்று வைத்துவிட்டார்.

தரையில் குப்புற விழுந்து மேஜைக்கு அடியில் கையை விட்டாள். வயரைப் பிடித்தாள். இரண்டையும் பிடுங்கினாள்.

காத்தாடிகள் நின்றன. பொட்டுகள் அணைந்தன. காதை அடைக்கிற அமைதி. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். சரி, வேலை போகட்டும். போனால் போகிறது. இனி நல்ல நகலை எடுத்துப் போட்டு, கனகாவைக் கனகாவாக...

எந்த நல்ல நகல்?

டேப் பெட்டியைத் திறந்தாள். எல்லா டேப்பும் புதுசு எழுதியவை. புதுசிடம் இருந்தது பழையது. பழையதன் மேல் பழையது. அவள் தங்கையை அவள் எங்கேயும் எடுத்துவைக்கவில்லை.

*

ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டீக்கடை வழக்கம்போல இருந்தது, பஜ்ஜி வெந்தது, பிள்ளைகள் யூனிஃபார்மில் பஸ்ஸுக்கு நின்றார்கள். மாடிப்படியில் மசகெண்ணெய் வாடை. ஒவ்வொரு படியிலும் கூடியது.

அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நீல யூனிஃபார்ம், தொளதொளவென்ற முழுக்கை. தலையை வழித்து வாரி ரெட்டைப் பின்னல் போட்டிருந்தாள். கனகா ஒருநாளும் ரெட்டைப் பின்னல் போட்டதில்லை.

“எங்கட்டி கிளம்பிட்ட?” சுகப்பிரியா வழியை மறித்து நின்றாள்.

“வூட்டுக்கு மேடம். பிள்ளைப்பாக்கம். அம்மா பாத்துகினே இருக்கும். ஷிப்ட் வுட்டு ரொம்ப நேரமாச்சு, யாருமே என்னிய வெளில வுடல.” கனகாவின் முகம் மரியாதையாகச் சிரித்தது. “மேடம், உங்க கூட ஒரு பொண்ணு இருந்துச்சே. தங்கச்சி. சோறு வடிச்சி வெச்சிகீது, ஆளக் காணோம். எங்க அது?”

“கனகா. ஏட்டி. நாந்தான். அக்கா.”

“இன்னா மேடம்?”

சுகப்பிரியாவின் கைப்பையில் போன் அடித்தது. அம்மா. இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள், எடுத்ததும் கனகாகிட்ட குடு என்பாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. சுகப்பிரியா அதை எடுக்கவில்லை. தங்கையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடலாம் என்று தோன்றியது. வலது கையைப் பிடித்தாள்.

துணிதான் கையில் வந்தது.

சட்டைக்கை தட்டையாக மடிந்தது. ஈரமாக இருந்தது. அதன் வாயிலிருந்து ஏதோ ஒன்று நழுவி, சுகப்பிரியாவின் கால் பக்கத்தில் சத்தமில்லாமல் விழுந்தது.

அம்மா கட்டிய கறுப்புக் கயிறு. அறுபடவில்லை. பல்லால் இறுக்கிய முடிச்சு அவிழவும் இல்லை. ஒரு மணிக்கட்டின் அளவுக்கு வட்டமாக, அப்படியே கிடந்தது.