பின்சக்கரத்து பிரேக்

நேற்று மாலை சூர்யகலா தன் கையால் மாட்டிய பிரேக் பெடல் ரப்பர், இன்று காலை பார்த்தபோது தேய்ந்திருந்தது. புது ரப்பரில் குறுக்கே வரி வரியாக மேடு இருக்கும். மழையில் நனைந்த செருப்பும் வழுக்காமல் இருக்கத்தான் அந்த வரிகள். வருஷக்கணக்காகக் கால் பட்டுப் பட்டுத்தான் அவை மழுங்கும். இதிலோ வலது ஓரத்து வரிகள் சுத்தமாக அழிந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைச் சாய்த்து அழுத்துகிற யாரோ ஒருவரின் கால்வாகு அப்படியே பதிந்திருந்தது. லாரி இன்னும் ஷெட்டை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை.

“மட்டமான சரக்கை வாங்கிட்டு வந்திருக்கியேலே” என்றாள் தம்பியிடம்.

விக்னேஷ்குமார் எட்டிப் பார்த்தான். “புதுசு கேட்டேன், புதுசுதான் குடுத்தான். உன் கால் பட்டுத் தேஞ்சிருக்கும்க்கா. உங்கூட இருந்து எங்க மச்சானே பாதியாத் தேஞ்சு போனாரு, இந்த ரப்பர் எம்மாத்திரம்?”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரப்பரைத் தடவிப் பார்த்த விரலில் இளஞ்சூடு தட்டியது. இப்போதுதான் யாரோ காலை எடுத்த மாதிரி.

சூர்யகலா திண்டுக்கல்லில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பாடம் நடத்துகிறவள். கோடை விடுமுறைக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். நிலக்கோட்டைக்கு வெளியே, மல்லிகைத் தோட்டத்தை ஒட்டிய தகர ஷெட்டில், இருபது வருஷத்துக்கும் மேலாக முடங்கிக் கிடந்த, இன்ஜின் மூக்கு மாதிரி முன்னால் நீண்ட பழைய லாரியை எழுப்புவது என்று முடிவெடுத்தது அப்பாவுக்காகத்தான். பக்கவாதத்தில் அப்பா மலைச்சாமிக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. பழகிய சத்தம், பழகிய வாசனை ஏதாவது காட்டுங்கள், பேச்சு திரும்பினாலும் திரும்பும் என்றார் டாக்டர். சொந்த லாரியைத் தன் கையாலேயே பழுது பார்த்து வந்த அப்பாவுக்கு அதைவிடப் பழகியது எது?

நசுங்கிய மூக்கைத் தட்டி நிமிர்த்தி, பவர் ஸ்டியரிங் வைத்து, இன்ஜினைப் பிரித்துக் கோத்து, முதல்முறை அது கனைத்துப் புகை விட்டபோது முன்னறைக் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடித்தொண்டையிலிருந்து, நீளமாக. அப்பாவின் குரல். மாதக்கணக்கில் கேட்காத குரல். சூர்யகலா கிரீஸ் கையோடு நின்று அழுதாள். அன்றைக்கே கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி, ஷெட் நேராகத் தெரியும்படி தலையணையை உயர்த்தி வைத்தாள். அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும்போது அவர் கத்தினார். சந்தோஷத்தில்தான் என்று அவள் நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது.

லாரியின் மூக்கு நசுங்கியது சிறுமலையில். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போய்ப் பாறையில் மோதியது. ஓட்டியவர் பிரான்சிஸ், அந்த வீட்டில் ஒருத்தர் மாதிரி இருந்த டிரைவர். குடித்துவிட்டு ஓட்டினார் என்று போலீசிடம் சொன்னவர் மலைச்சாமி. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார், முன்சக்கரத்தில் பிரேக் இருக்கிறது என்று பார்த்தார், அதோடு முடித்துக்கொண்டார். குடிகாரன் என்ற பெயரோடு பிரான்சிஸைப் புதைத்தார்கள்.

அவர் மனைவி ரோசலின் அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் இந்த வாசலை மிதித்ததில்லை. ரப்பர் தேய்ந்து கிடந்த அன்று காலை, பூப் பறித்துவிட்டுத் திரும்பும் வழியில் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

“ஏத்தா சூர்யா, வண்டி ஓடுமா?”

“ஓடும் அத்தை. பிரேக் வேல மட்டுந்தான் பாக்கி.”

“அம்புட்டுத்தானா?” ரோசலின் லாரியைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்குள் தெரிந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “முடிஞ்சதும் ஒங்கப்பாவத் தூக்கி டிரைவர் சீட்டுல உக்கார வையி. எம்புருசன் உக்காந்த எடம். செத்த நேரம் உக்காந்து பாக்கட்டும்.”

“அத்தை…”

“குடிகாரன் உக்காந்த சீட்டுன்னு அருவருப்புப் படுவாரு. நல்லாத் தொடச்சு விட்டுரு.”

குரல் உயரவே இல்லை. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஜன்னலுக்குள் அப்பாவின் இடது கை மட்டும் விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தது.

பழைய பிரேக் குழாய்களை அன்று பகலில் கழற்றினாள். பிரேக்கைப் போல எளிமையான, நேர்மையான ஏற்பாடு வண்டியில் வேறு கிடையாது என்று மாணவர்களிடம் அவள் சொல்வாள். பெடலை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் என்ற சிறிய பம்பு எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் சுருங்காது. இந்த முனையில் தள்ளினால் அந்த முனையில் அதே கணம் சக்கரத்தைப் பிடிக்கும். பழைய லாரிகளில் நான்கு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே வழி. அவள் இப்போது மாட்டப்போவது இரண்டு அறை உள்ளது. முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. ஒன்று கைவிட்டாலும் மற்றது நிறுத்தும்.

பின்அச்சுக்குப் போகும் குழாயைத் துடைத்தபோது துணி ஓரிடத்தில் தட்டியது. குழாய் அங்கே வெட்டப்பட்டு, முனை மடிக்கப்பட்டு, பித்தளையை உருக்கிப் பற்று வைத்து அடைக்கப்பட்டிருந்தது.

சக்கரத்தில் எண்ணெய் கசிந்தால் அதற்குப் போகிற குழாயை இப்படி அடைத்து, வண்டியை வீடுவரை ஓட்டி வருவது பட்டறைகளில் உண்டு. வீடுவரைதான். மலைக்கு அல்ல. பாரத்தோடு அல்ல. பின்சக்கரங்களில் பிரேக்கே இல்லாமல் மலை இறங்கினால் மொத்தப் பாரத்தையும் முன்சக்கரம் தாங்க வேண்டும். சக்கரத்தை உரசிப் பிடிக்கிற லைனர் கருகும். அந்தச் சூட்டில் உள்ளே எண்ணெய் கொதித்து ஆவியாகும். எண்ணெய் சுருங்காது, ஆவி சுருங்கும். அப்போது பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

பற்று வைத்த இடம் அரம் போட்டு மழமழவென்று தேய்க்கப்பட்டிருந்தது. யார் கண்ணிலும் படாத இடத்திலும் அப்படித் தேய்த்து வைக்கிறவர் அந்த வட்டாரத்திலேயே ஒரே ஆள்தான்.

குழாயைக் கொண்டுபோய் அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இது நீங்க வச்ச பத்துதானப்பா?” அவர் குழாயைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, லாரியின் கேபினைப் பார்த்தார். இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணோரம் வழிந்தது.

“ரோசலின் அத்தைகிட்டச் சொல்லணும்லே” என்றாள் தம்பியிடம்.

“சொல்லி? ஊரே வாசல்ல வந்து நிக்கும். அப்பா அதோட போயிருவாரு.” விக்னேஷ் குழாயைப் பிடுங்கிக் காயலான் கடைக்குப் போகிற சாக்கில் போட்டான். “இம்புட்டு வருசம் கழிச்சு என்னக்கா? விடு.”

அப்பா எழுந்து உட்காரட்டும், பேச்சு வரட்டும், அவர் வாயாலேயே சொல்லட்டும். இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டு சூர்யகலா சாக்கின் வாயைக் கட்டினாள். கட்டும்போதே ஷெட்டுக்குள் ஒரு வாசனை எழுந்தது. பழுத்துக் கசிகிற வாழைத்தாரின் இனிப்பு வாசனை. அதன் அடியில், மூக்கை அரிக்கிற கருகல். லைனர் கருகினால் வருகிற நாற்றம் அவளுக்குத் தெரியும். லாரியில் லைனர் இன்னும் மாட்டவே இல்லை.

மறுநாள் புது லைனரும் புதுக் குழாய்களும் மாட்டி முடித்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. மிச்சம் ஏர் எடுப்பது. குழாய்க்குள் ஒரு குமிழி காற்று நின்றாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேபினில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய நிப்பிளை ஸ்பானரால் திறந்து, காற்றும் எண்ணெயும் கலந்து பீறியதும் மூட வேண்டும். மூடுமுன் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அதனால் எல்லாப் பட்டறையிலும் இதற்கு மூன்றே சொல்தான். அமுக்கு. பிடி. விடு. அடியில் இருப்பவர் சொல்வார். மேலே இருப்பவர் செய்வார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

பின்பக்கம் மரக்கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்த லாரிக்கு அடியில் அவள் சாக்கு விரித்துப் படுத்தாள். விக்னேஷ் மேலே. ஒரு பக்கம் முடிந்தபோது எண்ணெய் டின்னின் அடிக்குப் போயிருந்தது.

“கடையில போயி ஒரு டின் வாங்கிட்டு வாரேன். அடியிலயே தூங்கிறாத, கொறட்டைக்கு வண்டி கட்டைய விட்டு எறங்கிரும்.”

பைக் போனது. அவள் மிச்சமிருந்த எண்ணெயை மாஸ்டர் சிலிண்டர் தொட்டியில் ஊற்றிவிட்டு, மறுபக்கத்து நிப்பிளில் கண்ணாடிக் குழலைச் செருகுவதற்காகத் திரும்ப அடியில் புகுந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலுக்குள் வேறு எதுவும் கேட்கவில்லை. கேபின் கதவு திறந்து மூடியதும், சீட்டின் ஸ்பிரிங் ஒரு பாரத்தை வாங்கி முனகியதும் மட்டும் தலைக்கு மேலே தெளிவாகக் கேட்டன.

“அதுக்குள்ள வந்துட்டியா? அமுக்கு.”

பெடல் இறங்கியது. குழலில் குமிழிகள் ஓடின.

“பிடி. விடு.”

விட்டது. விக்னேஷின் கால் எப்போதும் அவசரப்படும். இந்த மிதி நிதானமாக, கடைசிவரை இறங்கி நின்றது. நல்லது என்று நினைத்தாள். அமுக்கு. பிடி. விடு. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ எண்ணெய் தெளிவாக வர வேண்டும்.

கறுப்பாக வந்தது.

குழாய் புதுசு. சிலிண்டர் புதுசு. எண்ணெய் புதுசு. புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. சுட்டது. கொதிக்கிற எண்ணெய். குழல் முழுக்கக் குமிழி. எடுக்க எடுக்கக் குமிழி.

“ஏலே, என்னத்த ஊத்துன?”

பெடல் இறங்கியது. அவள் சொல்லவில்லை. ஏறியது. மறுபடி இறங்கியது. வேகமாக. இன்னும் வேகமாக. இறக்கத்தில் பிரேக் பிடிக்காதபோது ஒரு கால் எப்படி மிதிக்குமோ, அப்படி. கருகல் நாற்றம். வாழைப்பழ நாற்றம். நிப்பிளை மூடினாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

“யக்கா,” விக்னேஷின் குரல், பின்னால் கடைத்தெரு ஹாரன்கள். “நாம எப்பவும் வாங்குறது இல்லையாம். வேற கம்பெனி தரட்டுமாங்கிறான், வாங்கவா?”

தலைக்கு மேலே பெடல் மிதிபட்டுக்கொண்டே இருந்தது.

முதுகாலேயே தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது. போர்வை தரையில் கிடந்தது. வீட்டு வாசலிலிருந்து லாரிவரை மண்ணில் ஒரு கோடு. இழுத்துக்கொண்டு வந்த கோடு. ஒற்றை வலதுகாலின் கோடு.

கேபினில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அவள் நெஞ்சு உயரப் படி. ஏற முடியாத மனிதர். முதுகு சீட்டில் நேராக ஒட்டியிருந்தது. செத்துப்போன வலது கால் பெடலில் இருந்தது. முழங்காலுக்கு மேலே வேட்டி, ஐந்து விரல் அழுத்துவது போல ஐந்து இடத்தில் குழிந்திருந்தது. அங்கே கை எதுவும் இல்லை. உயிருள்ள இடது கையால் அவர் அந்தக் காலைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். கால் வரவில்லை.

சூர்யகலா படியில் ஏறி அந்தக் காலைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். பாறை மாதிரி இருந்தது.

“பிரான்சிஸ் மாமா,” என்றாள். வருஷக்கணக்கில் வாயில் வராத பெயர். “நான் சொல்லிர்றேன். ரோசலின் அத்தைகிட்டப் போயிச் சொல்லிர்றேன். ஊருக்கே சொல்றேன். நீங்க குடிக்கலைன்னு சொல்றேன். அப்பாவ விட்டுருங்க.”

பெடல் நின்றது. பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் நின்றிருந்தது. எங்கும் சத்தமில்லை.

லாரிக்கு அடியில், அவள் படுத்திருந்த சாக்கு சரசரத்தது. யாரோ அதில் முதுகைச் சரிசெய்து படுக்கிற சத்தம். அவள் விட்டுவந்த ஸ்பானர் நிப்பிளில் உட்கார்ந்து, மெல்லத் திரும்பியது.

“அமுக்கு” என்றது அடியிலிருந்து ஓர் ஆண் குரல். கோபமே இல்லாத, வேலை தெரிந்த குரல்.

அப்பாவின் கால் இறங்கியது. தரைவரை.

“பிடி.”

கட்டைகளின் மேல் அந்தரத்தில் நின்ற பின்சக்கரங்கள் அசைந்தன. இன்ஜின் ஓடவில்லை. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு சுற்றுகள் தனித்தனியாகத் தெரியவில்லை. அப்பாவின் இடது கை காலை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பற்றியது. வலப்பக்கம் முழுக்க ஒடித்தது, இடப்பக்கம் முழுக்க ஒடித்தது. அவர் கண்கள் ஷெட்டைப் பார்க்கவில்லை. தகரச் சுவரைத் தாண்டி, கீழே, வேகமாக வந்துகொண்டிருக்கிற எதையோ பார்த்தன. பெடல் தரையில் கிடந்தது. வாய் திறந்திருந்தது.

சூர்யகலா படியில் தொங்கியபடி மூன்றாவது சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

அடியிலிருந்து அது வரவில்லை.