தண்ணீர் வற்றும் மாதம்

இடுப்பு எலும்பு இரண்டும் தனித்தனியே கழன்று நிற்பதுபோல் வலித்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை மூட்டை மூட்டையாய் இழுத்துப் போட்டுவிட்டு, காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றவும் தெம்பில்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று திரைகளை இழுத்துவிட்டு, கணவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவன் தலைமாட்டில் கிடந்த இன்னொரு தலையணையில் சிவப்பாய் ஏதோ.

ரத்தம் என்றுதான் நினைத்தாள். ஜல்லி உடைக்கும் ஆலையில் கிடந்து நுரையீரல் கெட்ட மனுஷனுக்கு ஒருநாள் அது வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது. கறை துணியிலேயே வெந்து நின்றுவிடும். உறையை உருவிக்கொண்டு போய், குளியலறை வாளியில் பச்சைத் தண்ணீரில் முக்கினாள்.

ரத்தம் இழை இழையாகப் பிரியும். இது பிரியவில்லை, கலங்கியது. விரலிடுக்கில் நெருநெருத்தது. மண். நல்ல செம்மண். ஜல்லித் தூசி சாம்பல் நிறம். அதையும் அவன் விட்டு வந்து வெகுநாள் ஆயிற்று. இந்தத் தெருவிலோ சிமெண்டைத் தவிர வேறு தரையே கிடையாது.

வீட்டில் கொஞ்ச நாளாய் ஒரே பேச்சுதான்: மிருகங்களைப் பார்க்கக் காட்டுக்கு எப்போது போவது. அங்கே விடுதிக்காரர்கள் ஒரு குட்டைக்கு எதிரே நேரலைக் கேமரா வைத்திருந்தார்கள். அவன் பொழுதெல்லாம் போனில் அந்தக் குட்டையைப் பார்த்தபடி கிடந்தான். மழைக்காலத்தில் காடு பச்சையாய் இருக்கும், ஆனால் மிருகங்கள் சிதறிப் போய்விடும். கோடைக் கடைசியில் எல்லாமே அந்த ஒரு குட்டைக்குத்தான் வந்தாக வேண்டும் என்று டிராவல்ஸ்காரர் சொல்லியிருந்தார். கோடைப் புழுதி ஒரு மூச்சுகூட ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மழையில போனா இலையத்தான் எண்ணிட்டு வரணும்," என்றான் அவன் நேற்று.

"எண்ணுறதுக்கு மூச்சு இருக்கணும்ல."

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். இன்று வேலைக்குப் போகிற வழியில் டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டு, மழை மாதத்துக்கே பதிந்துவிடச் சொன்னாள். அவனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் ஷிஃப்ட் முழுக்க இடுப்பு வலியோடு கூடவே இருந்தது.

சோப்புத்தூள் எடுக்க அடுப்படிக்குப் போனபோது அந்தச் சத்தம் கேட்டது. குளியலறையிலிருந்து. அகலமான ஒரு நாக்கு, அவசரமில்லாமல், தண்ணீரை அள்ளி அள்ளிக் குடிக்கும் சத்தம்.

திரும்பி வந்தாள். யாருமில்லை. வாளியில் பாதித் தண்ணீர் இல்லை. தரை காய்ந்திருந்தது. குழாயைத் திருகினாள், காற்று செருமியது, பிறகு சிவப்பாய்ப் புழுதி கொட்டியது. சாணமும் நனைந்த தோலும் வெயிலில் கருகிய புல்லும் கலந்த ஒரு வாடை எழுந்து தொண்டையில் உட்கார்ந்தது.

படுக்கையறைக்கு ஓடினாள். போன் மெத்தையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. குட்டை வறண்டு பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. ஒரு மிருகமும் இல்லை. குளம்புத் தடங்கள் மட்டும். அத்தனையும் கேமராவை நோக்கி.

"என்னங்க."

அவன் திரும்பவில்லை. "மழைக்குச் சொல்லிட்டியா?"

குரலில் இழுப்பே இல்லை. இளைஞனின் குரல்.

"உங்க நெஞ்சுக்காகத்தான் சொன்னேன்."

"வத்திப்போச்சு. அதுங்க இன்னும் எவ்வளவு நாள் காத்திருக்கும்?"

எழுந்தான். எழவில்லை. கைகளைத் தரையில் ஊன்றினான். முதுகு வளைந்தது. அப்படியே அவளைக் கடந்து போனான்.

கூடத்தில் திரைகள் மூடியிருந்தன. வெளியே நடுப்பகல். உள்ளே மூச்சுகள். கனமான மூச்சுகள். கொம்புகள் சுவரில் உரசின. வரிசையாய்க் கண்கள். அவை அவனுக்கு வழிவிட்டன.

குளியலறைக்குள் போய் வாளியில் தலையைக் கவிழ்த்தான். குடித்தான். கடைசிச் சொட்டுவரை.

நிமிர்ந்தான். வாயோரம் சிவப்பு வழிந்தது. மண்ணா, ரத்தமா? வாழ்நாளெல்லாம் கறை துவைத்தவளுக்குத் தெரியவில்லை.

கண்கள் அத்தனையும் அவள் பக்கம் திரும்பின. அவனுடையதும்.

கல்லை உடைத்தே தேய்ந்தவன் வாய்திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு கோடைப் பயணம். அதை அவள் அவனுக்கு இன்னும் பாக்கி வைத்திருந்தாள்.